பாட்டு வருகிறது, பேச்சு வரவில்லை: பாட்டாவைத் தியேட்டருக்குக் கூட்டிப்போகலாமா?

கேள்வி: என் மாமனாருக்கு 71 வயது. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை பார்த்தவர். இளவயதில் ஊர்க் கோவில் கொடைகளில் வில்லுப்பாட்டுக் குழுவோடு போய்க் குடம் அடித்து, கூடப் பாடவும் செய்தவர். எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. வலது கை அசையவில்லை. பிடித்துக்கொண்டு நடக்கிறார். பேச்சு போய்விட்டது. எதைக் கேட்டாலும் "அதாக்கும், அதாக்கும்" என்ற ஒரே சொல்தான் வருகிறது. போன மாதம் டிவியில் ஒரு பழைய பாட்டு ஓடியபோது பல்லவியை முழுசாகக் கூடவே பாடினார். நாங்கள் எல்லாரும் அழுதுவிட்டோம். அன்றிலிருந்து அத்தை, "பாட்டு படிக்கத் தெரியுதுல்லா? பேசுறதுக்கு மட்டும் என்ன?" என்று அவரிடம் கோபப்படுகிறார்.

இப்போது நாகர்கோவிலில் ஒரு தியேட்டரில் 1960களில் வந்த படம் ஒன்றைத் திரும்பப் போடுகிறார்கள். பாட்டு வரும்போது வரிகளும் திரையில் வருமாம், எல்லாரும் சேர்ந்து பாடலாமாம். மாமா பல தடவை பார்த்த படம். பாட்டாவையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்று பிள்ளைகள் (மகளுக்கு 12 வயது, மகனுக்கு 4) பிடிவாதம் பிடிக்கிறார்கள். கூட்டத்தில் அழுதுவிட்டால், ஏதாவது ஆகிவிட்டால் என்று என் கணவர் பயப்படுகிறார். கூட்டிப்போகலாமா? பாடிப் பாடியே பேச்சு வந்துவிடுமா?
(வாசகி, தக்கலை)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கூட்டிப்போங்கள். அதற்கு முன் ஒரு தடவை டாக்டரிடம் காட்டி ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் அதையும் சொல்லி, திரையில் வெளிச்சம் மின்னி மின்னி அடிப்பது அவருக்கு ஒத்துக்கொள்ளுமா என்று கேளுங்கள். டாக்டர் சரி என்றால் தயங்க வேண்டாம்.

கடைசியில் கேட்டிருக்கிற கேள்விக்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். பாடுவதால் மட்டும் பேச்சு திரும்பி வராது. அந்த எதிர்பார்ப்போடு போனால் வீட்டில் எல்லாருக்கும் ஏமாற்றம்தான் மிஞ்சும், அவருக்குத்தான் அதிகம். பேச்சு வருவதற்குத் தனியாகப் பயிற்சி இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் எட்டு மாதமாக ஒரே ஒரு சொல்லோடு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு, பத்துப் பேரோடு சேர்ந்து முழு வரி பாடக் கிடைக்கிற இரண்டரை மணி நேரம் சின்ன விஷயமா? பேச்சுப் பயிற்சி கொடுப்பதைத் தொழிலாக வைத்திருக்கிற நான், அதை மருந்துக்குச் சமமாகவே நினைக்கிறேன்.

டிக்கெட், இருக்கை பற்றியெல்லாம் பேசுவதற்கு முன் அத்தையின் கோபத்தைப் பற்றிப் பேச வேண்டும். அது தீராமல் தியேட்டருக்குப் போனால், அங்கே மாமா பாடப் பாட அத்தையின் கோபம் கூடிக்கொண்டுதான் போகும். பேச்சு இழந்தவர்களின் மனைவிமார் பலர் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். வாய் நன்றாக இருக்கிறது, தொண்டை நன்றாக இருக்கிறது, பாட்டு கணீரென்று வருகிறது. அப்படியிருக்க, "தண்ணி வேணும்" என்று சொல்ல மட்டும் ஏன் முடியவில்லை? வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறாரா?

இல்லை. அத்தையிடம் இப்படிச் சொல்லிப்பாருங்கள். தோவாளைப் பூச்சந்தையில் கட்டிய சரமும் கிடைக்கும், உதிரிப்பூவும் கிடைக்கும். சரத்தில் ஒரு நுனியைப் பிடித்துத் தூக்கினால் மற்ற பூவெல்லாம் தானே பின்னால் வந்துவிடும். நாற்பது ஐம்பது வருஷமாகப் பாடிய பாட்டு அந்த மாதிரி. முதல் சொல்லைத் தொட்டால் போதும், மிச்சம் தொடர்ந்து வரும். பேச்சு உதிரிப்பூ. ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பூவைத் தேடி எடுத்து, வரிசை பார்த்து, முடிச்சுப் போட்டுக் கட்ட வேண்டும். மாமாவுக்கு அடிபட்டிருப்பது அந்தக் கட்டுகிற கைக்கு. பூக்கூடை கவிழவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்கு உள்ளே தெரிகிறது, கட்டி வெளியே கொடுக்கத்தான் முடியவில்லை.

இந்த நிலைமைக்கு அஃபேசியா என்று பெயர். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஏதோ ஒரு அளவில் இது இருக்கும். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சைக் கட்டுகிற வேலை மூளையின் இடது பக்கத்தில் நடக்கிறது. உடம்பின் வலது கை, வலது காலை இயக்குவதும் அந்த இடது பக்கம்தான். அதனால்தான் வலது கை போனவர்களுக்குப் பேச்சும் சேர்ந்து போவதை அதிகம் பார்க்கிறோம். 1861-ல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். அந்த மனிதர் எதைக் கேட்டாலும் "டான், டான்" என்று மட்டுமே சொல்வார். உங்கள் மாமாவின் "அதாக்கும்" போலத்தான். அவர் இறந்த பின் மூளையைப் பார்த்தபோது இடது பக்கத்தின் முன்பகுதி பழுதாகியிருந்தது. அந்தப் பகுதியை இன்றும் புரோக்கா பகுதி என்றே சொல்கிறோம்.

பாட்டு மட்டுமல்ல, பழகிப்போன எதுவும் சரமாக வரும். ஒன்று முதல் பத்து வரை எண்ணச் சொல்லிப்பாருங்கள். ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று நீங்கள் தொடங்கி வையுங்கள், அவர் தொடரலாம். தினமும் சொன்ன சாமி பாட்டு, ஜெபம் இவையும் வரும். சிலருக்குக் கெட்ட வார்த்தை மட்டும் மிகத் தெளிவாக வந்துவிழும். வாழ்நாளெல்லாம் மரியாதையாகப் பேசிய ஒருவர் வாயிலிருந்து அது வரும்போது வீட்டார் கூசிப்போகிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி நடந்தால் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பாட்டா யாரையும் திட்டவில்லை என்று.

இப்போது பாட்டுக்கு வருகிறேன். பேச்சு போனவர் பாடுகிற அதிசயத்தை மனிதர்கள் ரொம்ப காலமாகவே பார்த்துவருகிறார்கள். 1745-ல் ஸ்வீடனில் ஓலோஃப் டாலின் என்பவர் ஒரு விவசாயியின் மகனைப் பற்றிக் குறித்து வைத்திருக்கிறார். அவனுக்கும் வலது பக்கம் விழுந்து, பேச்சு போய்விட்டது. ஆனால் நோய் வருவதற்கு முன் கற்ற சில தேவாலயப் பாடல்களை நல்ல உடம்புக்காரனைப் போலவே தெளிவாகப் பாடினான். இதே காட்சியை நம் மாவட்டத்துச் சர்ச்சுகளில் பாமாலை பாடும் பெரியவர்களிடம் நானே பார்த்திருக்கிறேன். டாலின் கூடவே இன்னொன்றும் எழுதினார்: தொடக்கத்தில் வேறு யாராவது கூடப் பாடிக் கொஞ்சம் கைகொடுக்க வேண்டியிருந்தது.

அந்த "கூடப் பாடி" என்பதைத்தான் உங்கள் வீட்டார் எல்லாரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். 2006-ல் கனடாவின் மான்ட்ரியலில் மூளையின் இடது பக்கம் அடிபட்டுப் பேச்சு பாதித்த 8 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். தெரிந்த பாட்டின் வரிகளைத் தனியாகப் பாடச் சொன்னபோது, பேசுவதைவிடச் சொற்கள் தெளிவாக வந்துவிடவில்லை. ஆனால் இன்னொரு குரலோடு சேர்ந்து பாடியபோது, சேர்ந்து பேசியதைவிட அதிகச் சொற்கள் வந்தன. மாமா டிவியோடு சேர்ந்து பாடினார் என்று நீங்கள் எழுதியிருப்பதைத் திரும்பப் படியுங்கள். டிவியை அணைத்துவிட்டு "இப்போ பாடுங்க மாமா" என்று கேட்டிருந்தால் அநேகமாக "அதாக்கும்" என்றுதான் வந்திருக்கும்.

நம்மூருக்கு இது புதிதும் இல்லை. வில்லுப்பாட்டில் புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதையைச் சொல்லிக்கொண்டு போவார். பக்கத்தில் இருக்கிறவர்கள் "ஆமா" போட்டு, அவர் விட்ட இடத்தில் வரியை வாங்கிப் பாடுவார்கள். உங்கள் மாமா குடத்தை அடித்துக்கொண்டு இரவெல்லாம் செய்த வேலை அது. முன்னால் ஒரு குரல் போக, அதைப் பிடித்துக்கொண்டு போகிற பழக்கம் அவர் உடம்பில் ஊறியிருக்கிறது. திரையில் பாட்டு ஓட, தியேட்டர் முழுக்கப் பாடுவது அவருக்கு எவ்வளவு தோதான இடம் என்று யோசித்துப்பாருங்கள்.

இதில் நான் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். பல வருஷத்துக்கு முன் என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெரியவர் இப்படித்தான் நன்றாகப் பாடுவார். அவர் வீட்டுத் திருமணத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். எல்லாரும் பார்க்கட்டுமே என்ற ஆசையில், அவர் கையில் மைக்கைக் கொடுக்கச் சொன்னது நான்தான். மண்டபம் அமைதியானது. அவர் மைக்கைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், உதடு நடுங்கியது, ஒரு சொல்லும் வரவில்லை. அழுதுவிட்டார். அதற்கப்புறம் ஒரு மாதம் பயிற்சிக்கே வரவில்லை. தனியாக விட்டதும், நடுவே நிறுத்திப் பார்வையாளர்களைக் காட்டியதும் என் தவறு. தியேட்டரில் யாராவது உங்கள் மாமாவைப் பார்த்துப் பூரித்துப்போய் எழுந்து பாடச் சொன்னாலும், மைக்கை நீட்டினாலும், கும்பிட்டு மறுத்துவிடுங்கள். செல்போனில் வீடியோ எடுக்கவும் வேண்டாம். எடுத்தே ஆக வேண்டுமென்றால் முதலில் அவரிடம் கேளுங்கள். தலையாட்டச் சொன்னால் ஆட்டுவார். பல குடும்பங்கள் இதைக் கேட்காமலே செய்துவிடுகின்றன. பேச முடியாதவரிடம் சம்மதம் கேட்க வேண்டியதில்லை என்று நாம் நமக்கே தெரியாமல் நினைத்துவிடுகிறோம்.

காட்சிக்கு இரண்டு வாரம் இருந்தால் வீட்டில் ஒத்திகை பாருங்கள். படத்தில் மொத்தம் என்னென்ன பாட்டு என்று மகளை எழுதச் சொல்லுங்கள். எல்லாம் வேண்டாம், அவர் முகம் மலர்கிற மூன்று பாட்டு போதும். வேகமான பாட்டை விட்டுவிட்டு நிதானமானதை எடுங்கள். யூடியூபில் வேகத்தை 0.75 என்று குறைத்துக்கொள்ளலாம். மகள் அவருக்கு நேர் எதிரே உட்காரட்டும், வாய் அசைவது அவருக்குத் தெரிய வேண்டும். முதல் நாள் சொல்லே வேண்டாம், மெட்டை மட்டும் "ம்ம்ம்" என்று முனகினால் போதும். அப்புறம் பல்லவி. அது பழகியதும் வரியின் கடைசிச் சொல்லில் மகள் குரலைத் தாழ்த்தட்டும். அவர் அந்தச் சொல்லைப் பிடித்தால் நல்லது, பிடிக்காவிட்டால் மகளே பாடிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட வேண்டும். நிறுத்திக் கேட்கக் கூடாது, திருத்தக் கூடாது. சொல் குழறினாலும் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

அவருடைய இடது கையால் தாளம் போடச் சொல்லுங்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. 1973-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளர்களும் மெலோடிக் இன்டோனேஷன் தெரபி என்ற பயிற்சியைப் பற்றி எழுதினார்கள். அன்றாடம் தேவைப்படும் சின்னச் சின்ன வாக்கியங்களை ஏற்ற இறக்கத்தோடு, பாட்டு மாதிரி இழுத்துச் சொல்லி, அசைக்கு ஒரு தட்டாக இடது கையால் தட்டுவது அந்த முறை. பிறகு படிப்படியாக ராகத்தைக் குறைத்துப் பேச்சுக்குக் கொண்டுவருவார்கள். இந்த முறையில் வேலை செய்வது ராகமா, தாளமா என்று இன்னும் விவாதம் நடக்கிறது. 2011-ல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வு, ராகத்தைவிடத் தாளமும், ஏற்கெனவே மனப்பாடமான சொற்களும்தான் அதிகம் கைகொடுக்கின்றன என்று சொன்னது. எப்படியானாலும் குடம் அடித்த மனிதரிடம் தாளத்துக்குக் குறையிருக்காது. ஒரு வெண்கலச் செம்பையோ பலகையையோ அவர் இடப்பக்கம் வைத்துவிடுங்கள், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

திரையில் வரி வரும் என்கிறார்களே, அதை நம்ப வேண்டாம். பேச்சை இழந்தவர்கள் பலருக்கு வாசிப்பும் சேர்ந்தே பாதிக்கப்பட்டிருக்கும். எழுத்து தெரிந்தாலும் பாட்டின் வேகத்துக்கு ஓட முடியாது. "பாருங்க மாமா, அங்க எழுதியிருக்கு, படிங்க" என்று சொன்னால் அது பரீட்சையாகிவிடும். அவருக்கு வரி வர வேண்டியது பக்கத்தில் இருக்கிறவர் குரலிலிருந்து.

ஆகவே யார் எங்கே உட்காருவது என்பதைக் கவனமாகப் பாருங்கள். இடது மூளையில் அடிபட்ட சிலருக்கு வலது பக்கப் பார்வையும் குறைந்திருக்கும். கண் நன்றாக இருக்கும், ஆனால் வலது ஓரத்தில் நிற்கிறவர் தெரியாது. சாப்பிடும்போது இலையின் வலது பக்கத்தில் இருப்பதை அவர் தொடாமல் விடுகிறாரா என்று பாருங்கள், டாக்டரிடமும் கேளுங்கள். அப்படி இருந்தால் திரையைப் பார்த்து உட்காரும்போது அரங்கின் வலது பாதியில் இடம் எடுங்கள். திரை அவருக்கு இடப்பக்கமாக, தெரிகிற பக்கமாக அமையும். வரிசையின் வலது கடைசி இருக்கையில் உங்கள் கணவர், அவருக்கு அடுத்ததில் மாமா, மாமாவுக்கு இடப்பக்கம் அத்தை. இதனால் போகிறவர் வருகிறவர் அவருடைய வலது கையை இடிக்க மாட்டார்கள், எழுந்திருக்கும்போது பலவீனமான பக்கத்தில் பிடிக்க உங்கள் கணவர் இருப்பார். பார்வைக் குறைவு இல்லாவிட்டாலும் இந்த வரிசையே நல்லது. கூடப் பாடுகிற குரல் அத்தையுடையதாக இருக்கட்டும் என்பது என் ஆசை. அவருக்குப் பாட வராதென்றால் பரவாயில்லை, வரியைச் சொன்னாலே போதும். மகளைப் பின் வரிசையில் உட்கார வைக்க வேண்டாம், பாட்டியின் மறுபக்கம் இருக்கட்டும்.

பால்கனி டிக்கெட் எடுப்பதற்கு முன் படி எத்தனை, சாய்தளமோ லிஃப்டோ இருக்கிறதா என்று கேளுங்கள். படி ஏறித்தான் ஆக வேண்டுமென்றால், ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். விளக்கு அணைவதற்குப் பத்து நிமிடம் முன்னதாகவே உட்கார்ந்துவிடுங்கள். தக்கலையிலிருந்து பஸ்ஸில் வர வேண்டாம், அந்தப் படிக்கட்டு உயரம் அவருக்கு ஆகாது. ஆட்டோவோ காரோ பேசிக்கொள்ளுங்கள்.

பாப்கார்ன் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்குவதில் சிரமம் இருக்கிறவர்கள் நிறையப் பேர். தண்ணீர் குடிக்கும்போது இருமுகிறாரா, சாப்பிட்ட பின் குரல் ஈரமாகக் கரகரக்கிறதா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் உடனே பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்ட வேண்டும், ஏனென்றால் விழுங்குவதையும் நாங்கள்தான் பார்க்கிறோம். அந்தச் சிரமம் இல்லாவிட்டாலும், இருட்டில், பாடிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் உதிரி உதிரியான காய்ந்த தீனி வேண்டாம். வீட்டிலேயே சாப்பிட வைத்து, மாத்திரை நேரம் தவறாமல் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். இடைவேளையில் நிமிர்ந்து உட்கார வைத்து, வாய்வாயாகத் தண்ணீர்.

பாத்ரூம் போக வேண்டுமென்று அவரால் சொல்ல முடியாது. வீட்டில் உங்களுக்கு அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும், இருட்டில் தெரியாது. ஒரு அட்டையில் நான்கு படம் வரையச் சொல்லுங்கள்: தண்ணீர், கழிவறை, காது (சத்தம் அதிகம்), வீடு. மகள் வரையட்டும். செல்போன் வெளிச்சத்தில் காட்டினால் அவர் தொட்டுக் காட்டுவார். சட்டைப் பையில் இன்னொரு அட்டை இருக்கட்டும். அதில் உங்கள் கணவரின் போன் நம்பரோடு, "எனக்குப் பக்கவாதம் வந்து பேச்சு பாதித்திருக்கிறது. நீங்கள் சொல்வது எனக்குப் புரியும். கொஞ்சம் பொறுமையாக இருங்கள்" என்று எழுதுங்கள். கூட்டத்தில் கைவிட்டுப் போனால் உதவும். கடை, பஸ் ஸ்டாண்ட், ஆஸ்பத்திரி எங்கும் இனி அது கூடவே இருக்கட்டும்.

சத்தம் பற்றி ஒன்று, இது சின்னவனுக்கும் சேர்த்து. பெரியவர்களுக்கே 85 டெசிபெல் சத்தத்தில் 8 மணி நேரம்தான் பாதுகாப்பு என்று கணக்கு. மூன்று டெசிபெல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகும், 91 டெசிபெல் என்றால் 2 மணி நேரம்தான். ஒலிபெருக்கிக்குப் பக்கத்து இருக்கையைத் தவிர்த்துவிடுங்கள். காதில் பஞ்சு வைப்பதால் பெரிய பலன் இல்லை. நாலு வயதுப் பிள்ளைக்குக் காதை முழுக்க மூடுகிற இயர்மஃப் வாங்கிக்கொள்ளுங்கள். மாமாவுக்கும் சத்தம் அதிகமானால் முகம் சுளிப்பார், பாடுவதை நிறுத்திவிடுவார். அப்போது வெளியே கூட்டி வந்து பத்து நிமிடம் உட்கார வையுங்கள்.

இடைவேளையோடு திரும்பிவிட்டாலும் போய்வந்தது வீணாகாது. இரண்டு பாட்டுக்கு வாய் திறந்துவிட்டுக் களைத்துப்போனால் அன்றைக்கு அவ்வளவுதான். பிள்ளைகளிடம் இதை முன்பே பேசி வையுங்கள். ஒருவர் பாட்டாவோடு வீட்டுக்குப் போகவும், மற்றவர் பிள்ளைகளோடு மீதிப் படம் பார்க்கவும் ஏற்பாடு இருந்தால் யாருக்கும் மனக்குறை இராது.

உங்கள் கணவரின் பயத்துக்கு வருகிறேன். அழுவார். அநேகமாக அழத்தான் செய்வார். பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்குச் சிரிப்பையும் அழுகையையும் கட்டுப்படுத்துகிற மூளையின் பிடி தளர்ந்துவிடும். சின்னத் தூண்டுதலுக்குக்கூடக் கண்ணீர் கொட்டும், அடுத்த நிமிடம் நின்றுவிடும். சிலர் சம்பந்தமில்லாத இடத்தில் சிரிப்பார்கள். இதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு "ஏன் அழுறீங்க, என்னப்பா ஆச்சு" என்று கேட்டுத் துருவினால் இன்னும் கூடும். துண்டைக் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் பாடிக்கொண்டிருங்கள். ஆனால் வீட்டில் நாள் முழுக்கச் சோர்ந்து கிடக்கிறார், சாப்பாடு பிடிக்கவில்லை, தூக்கம் இல்லை, பேரப்பிள்ளைகளைக் கண்டாலும் முகம் மாறவில்லை என்றால் அது வேறு. பக்கவாதத்துக்குப் பின் மனச்சோர்வு வருவது சகஜம், அதற்கு மருந்து இருக்கிறது. டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கூட்டத்தில் யாராவது திரும்பிப் பார்ப்பார்களே என்ற கூச்சமும் உங்கள் கணவருக்கு உள்ளே இருக்கலாம். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அப்பாவை ஊரே கேட்கப் பாடியவராகப் பார்த்து வளர்ந்த மகனுக்கு, அவர் வார்த்தைக்குத் தடுமாறுவதை நாலு பேர் பார்ப்பது வலிக்கும். ஆனால் எல்லாரும் பாடுகிற அரங்கில் ஒருவர் சொல்லைத் தப்பாகப் பாடினால் யாருக்கும் தெரியாது. கல்யாண வீடு, டீக்கடை, பஸ் எல்லாவற்றையும் விட அப்பாவைக் கூட்டிப்போக ஏற்ற இடம் இதுதான் என்று அவரிடம் சொல்லுங்கள்.

இனி பேச்சுக்கான பயிற்சி. எட்டு மாதம் ஆகிவிட்டதே என்று கைவிட வேண்டாம். முதல் மூன்று மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்பது உண்மைதான், அதற்குப் பிறகு வேகம் குறையும், நின்றுவிடாது. ஒரு வருஷம் தாண்டிப் புதுச் சொற்கள் வந்தவர்களை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் கேட்டுப்பாருங்கள். திருவனந்தபுரம் போய்வர முடியுமென்றால் ஆக்குளத்தில் நிஷ் என்கிற தேசியப் பேச்சு, கேட்பு நிறுவனம் இருக்கிறது. தனியாரிடம் போனால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று தயங்காமல் கேளுங்கள். நாக்கில் தேன் தடவுவது, நாக்குக்கு அடியில் நரம்பை வெட்டுவது என்று யாராவது வந்தால் காசையும் மாமாவையும் கொடுத்துவிடாதீர்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அஃபேசியாவால் வரும் நிரந்தரப் பேச்சு, மொழிக் குறைபாடும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதற்கான சான்றிதழ், அடையாள அட்டை பற்றி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

பயிற்சிக்குப் போகும்போது ஒரு நோட்டு கொண்டுபோங்கள். தியேட்டரில் எந்தப் பாட்டுக்கு அவர் வாய் அசைந்தது, எந்த வரியில் சொல் தெளிவாக வந்தது, எங்கே கை தாளம் போட்டது என்று அன்றிரவே மகள் எழுதி வைக்கட்டும். பயிற்சி கொடுப்பவருக்கு அது பெரிய உதவி. "தண்ணி வேணும்" என்பதை எந்த மெட்டில் தொடங்குவது என்று அந்த நோட்டைப் பார்த்துத்தான் நான் முடிவு செய்வேன்.

ஒன்றே ஒன்று பாக்கி. இந்தக் கடிதத்தை எழுதுவதற்கு முன், தியேட்டருக்குப் போக விருப்பமா என்று மாமாவிடம் யாராவது கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. டிவியை அணைத்துவிட்டு, அவருக்கு இடப்பக்கமாக உட்கார்ந்து, படத்தின் போஸ்டரைக் காட்டிச் சின்ன வாக்கியமாகக் கேளுங்கள்: "மாமா, இந்தப் படம். நாம போவோமா?" கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணும்வரை சும்மா இருங்கள். "அதாக்கும்" என்றுதான் சொல்வார். எந்த அதாக்கும் என்று அவர் முகத்தில் தெரியும்.